இலையும் குவளையும்

"பசியாறியாயிற்றா?" என்று கேட்பது மலேசியத் தமிழரின் காலை வணக்கம். காலை உணவுக்கே 'பசியாறல்' என்று பெயர் சூட்டி வழங்குகிறோம் நாம். உணவின் சுவையைச் சுட்டாமல் பசி தணிவதைச் சுட்டிப் பெயரிட்ட மக்கள், பசியை நன்கு அறிந்தவர்களாகவே இருந்திருத்தல் வேண்டும். அவர்கள் எங்கே பசியாறினார்கள்? யாருடன் அமர்ந்து பசியாறினார்கள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாட்டு வரலாற்றை மாணவர்க்குக் கற்பிக்கும்போது ஈயத்தைச் சொல்கிறோம், இரப்பரைச் சொல்கிறோம், இரயில் பாதையையும் துறைமுகத்தையும் சொல்கிறோம். அவற்றை ஆக்கிய கைகள் எந்த இலையில் சோறு பிசைந்தன என்பதைச் சொல்வதில்லை. உணவகத்தை வணிகம் என்று ஒதுக்கிவிட்டோம். ஆயினும், கோயிலும் பள்ளியும் சங்கமும் நம் சமுதாயத்தை உருவாக்கியது போலவே சாப்பாட்டுக் கடையும் அதனை உருவாக்கியது என்பது மறுக்கவொண்ணாத உண்மை.

யான் வாழும் சாலாக் செலாத்தானில் இரயில் ஏறினால் சிறிது நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள கோலாலம்பூர் சென்ட்ரலை அடையலாம். அங்கு வண்டி மாறினால் பெட்டாலிங், சுபாங் ஜெயா, ஷா ஆலாம், கிள்ளான் ஆகிய ஊர்களைக் கடந்து கிள்ளான் துறைமுகத்தில் இறங்கலாம். இப்பாதை நெடுகிலும் நம்மவர் உணவகங்கள் உள்ளன. ஒவ்வோர் ஊரின் கடையிலும் ஒவ்வொரு மணம் வீசும். அம்மணம் ஏன் அவ்வாறு வேறுபட்டது என்று ஆராயப் புகுந்தால், எந்த ஊரில் எவர் வந்து குடியேறினர் என்னும் வரலாறு நம்முன் விரியும். நாம் நகரிலிருந்து துறைமுகத்துக்குச் செல்கிறோம். நம் முன்னோரோ துறைமுகத்திலிருந்து நகருக்கு வந்தனர். எனவே, பாதையின் கடைக்கோடியிலிருந்தே நாமும் தொடங்குவோம்.

கப்பல் இறங்கிய துறை

கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடாவையும் இணைத்த இரயில் பாதை 1886-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஆற்றின் முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் 1901-இல் திறக்கப்பெற்று, ஆங்கில ஆட்சியாளர் சுவெட்டன்ஹாமின் பெயரைத் தாங்கியது. 1972-இல்தான் அதற்குக் கிள்ளான் துறைமுகம் என்னும் பெயர் வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர் பலர் பினாங்கிலும், பலர் இத்துறையிலும் இறங்கினர். 1926 முதல் 1973 வரை வங்கக்கடலில் ஓடிய 'ராஜுலா'வின் பெயரை அறியாத மூத்த மலேசியத் தமிழர் அரியர்.

இறங்கியவுடன் ஊருக்குள் சென்றுவிட இயலாது. தொற்றுநோய்க்கு அஞ்சிய அரசு, வந்தவர்களை முகாமில் தனித்து வைத்தது. முகாமில் கிடைத்த சோறே பலர்க்கு இம்மண்ணின் முதற்சோறு. பின்னர், கங்காணியின் பின்னே தோட்டத்துக்கு நடந்தால், அங்கே லயத்து வீடும் தோட்டத்துக் கடையும் இருந்தன. அரிசியும் பருப்பும் கருவாடும் கடையில் கடனுக்குக் கிடைக்கும். சம்பள நாளில் கணக்குத் தீர்க்கப்படும். உணவகம் என்ற ஒன்றுக்குத் தோட்ட வாழ்வில் இடமேது?

சம்பள நாளன்று தோட்டத் தொழிலாளியின் முன் இரு கதவுகள் திறந்திருந்தன. ஒன்று கள்ளுக்கடையின் கதவு; அது பெரும்பாலும் தோட்டத்து எல்லையிலேயே, அரசின் உரிமம் பெற்று இயங்கியது. மற்றொன்று கிள்ளான் பட்டணத்துச் சாப்பாட்டுக் கடையின் கதவு; அதனை அடைய மிதிவண்டியிலோ கால்நடையாகவோ பல கல் தொலைவு செல்ல வேண்டும். முதற்கதவின் கேட்டினைத் தொழிலாளர் உணராமல் இல்லை. 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றோர் தலைமையில் எழுந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நோக்குக. கூலி உயர்வு கேட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டார்கள். துரையையும் கிராணியையும் கண்டால் மிதிவண்டியை விட்டிறங்க வேண்டும் என்ற இழிவழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். அவற்றோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்றும் கேட்டார்கள். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். போராட்டம் படைவலியால் ஒடுக்கப்பட்டது. துப்பாக்கிக் குண்டுகளுக்குத் தொழிலாளர் பலியாயினர். தாம் எதைக் குடிப்பது, எதைக் குடிக்காதிருப்பது என்பதும் தம் மானத்தோடு தொடர்புடையது என்று அறிந்த மக்கள் அவர்கள்.

விசுப்பலகையில் அமர்ந்தவர்

இனி, அந்த இரண்டாம் கதவுக்கு வருவோம். ஈண்டு என் பாட்டனாரின் அனுபவம் ஒன்றைக் கூறுதல் பொருந்தும். அவர் 1930-களில் சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து, கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். ஊரில் அவர்க்குக் கடைக்குள் நுழையும் உரிமை இல்லை. வெளியே நின்று நீட்டினால் கொட்டாங்கச்சியில் காப்பி ஊற்றுவார்கள்; குடித்துவிட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும்.

முதல் சம்பளம் வாங்கிய மாதத்தில் தண்டல் ஒருவரோடு அவர் கிள்ளானுக்குச் சென்றார். கடைத்தெருவில் தோசைக்கடை ஒன்றின் முன் தண்டல் உள்ளே போய் அமர்ந்துவிட்டார். பாட்டனாரோ பழக்கத்தால் வாசலிலேயே நின்றார். கல்லாவிலிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "ஏன்யா வெளியே நிக்கிற? உள்ள வந்து குந்து. காசு எல்லாருக்கும் ஒரே காசுதானே!" என்றாராம். பாட்டனார் உள்ளே சென்று விசுப்பலகையின் ஓரத்தில் ஒடுங்கி அமர்ந்தார். இலையில் தோசை வந்தது. கண்ணாடிக் குவளையில் தேநீர் வந்தது. எதிரில் அமர்ந்திருந்தவர் குடித்ததும் அதே போன்ற குவளைதான். "தோசை எப்படி இருந்தது தாத்தா?" என்று சிறுவனாயிருந்த யான் கேட்டபோது, "தோசை நினைவில்லைப்பா; கிளாசுதான் நினைவிருக்கு" என்றார்.

பல்லாண்டு கழிந்த பின்னரே அவ்விடையின் பொருள் எனக்கு விளங்கியது. வாழையிலை ஒருவர்க்கே உரியது. உண்டபின் எறியப்படுவது. மற்றவர் வாய் படாதது. ஆகவே, தீட்டு என்னும் எண்ணத்தோடு இலை பகைப்பதில்லை. எவரையும் தொடாமலே அனைவர்க்கும் இலையில் சோறிடலாம். குவளை அத்தகையதன்று. ஒருவர் குடித்த குவளை கழுவப்பட்டு அடுத்தவரிடம் செல்கிறது. நேற்று எவர் குடித்தார், நாளை எவர் குடிப்பார் என்று அதற்குத் தெரியாது. எனவே, சாதியின் உரைகல் இலையன்று, குவளையே. தமிழகத்துச் சிற்றூர்களில் 'இரட்டைக் குவளை' என்னும் கொடுமை குவளையைப் பற்றிக்கொண்டு நின்றதன் காரணமும் இதுவே.

கடைக்காரர் சீர்திருத்தவாதி அல்லர். காசு கருதிய வணிகர். ஆயினும், சாத்திரம் மூடிய கதவைச் சம்பளக்காசு திறந்துவிட்டது. அக்காலத்துத் தமிழகத்தோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். சென்னை மாகாணத்து இரயில் நிலைய உணவறைகளில் பிராமணர்க்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் நீங்கியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவகப் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்குமாறு பெரியார் கிளர்ச்சி தொடங்கியது 1957-ஆம் ஆண்டில்! அவர் மலாயாவுக்கு முதன்முறை வருகை புரிந்தது 1929-ஆம் ஆண்டின் இறுதியில். அவ்வருகைக்குப் பின் இங்குத் தோன்றிய சீர்திருத்தச் சங்கங்கள் சமபந்தியையும் கலப்பு மணத்தையும் வலியுறுத்தின. சங்கங்கள் மேடையில் பேசியதை, விசுப்பலகைகள் ஓசையின்றிச் செய்துகொண்டிருந்தன.

இதனால் மலாயா சாதியற்ற பொன்னாடாக இருந்தது என்று கூறுவது உண்மைக்கு மாறானது. லயத்து வரிசைகளிலும் சாதிப் பிரிவு இருந்ததுண்டு. அதே கடைத்தெருவில் மற்றொரு கடை தமக்குப் பின்வாசலைக் காட்டியதையும் பாட்டனார் மறைக்காமல் சொன்னார். வரலாற்றை எழுதுவோர் விசுப்பலகையையும் பின்வாசலையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும்.

கடல் கடந்த பிற நாடுகளிலும் உணவின் வடிவத்தை அமரும் உரிமையே தீர்மானித்தது என்பதற்குச் சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு 1860 முதல் தமிழர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். அங்கே ரொட்டியைக் குடைந்து அதனுள் கறியை ஊற்றித் தரும் 'பன்னி சௌ' என்னும் உணவு பிறந்தது. கறுப்பின மக்கள் கடைக்குள் அமர்ந்துண்ண இயலாத காலத்தில், வெளியே எடுத்துச் செல்வதற்காக அவ்வடிவம் ஏற்பட்டது என்று பலரும் கூறுவர். உள்ளே அமர வைக்காத ஊரில் ரொட்டியே கிண்ணமாயிற்று. உள்ளே அமர வைத்த கிள்ளானில் இலை மேசைமீது விரிந்தது.

இரயில் ஓடிய வழி

கோலாலம்பூர் 1881-இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிவுற்ற பின், செங்கல்லால் கட்டடம் எழுப்ப வேண்டும் என்ற விதி வந்தது. செங்கற்சூளைகள் நிறைந்த பகுதி பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. பின்னர் அங்கு இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் எழுந்தன. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். பாதையமைக்கும் உடலுழைப்புக்குத் தமிழகத்தார் வந்தனர். சிங்களவர் அமைத்த பௌத்த மகாவிகாரையும், ஈழத்தமிழர் போற்றும் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும் விவேகானந்தர் ஆசிரமமும் இன்றும் அப்பகுதியில் உள்ளன. நகரின் வடபால் செந்தூலில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இரயில்வே தொழிற்பட்டறை மேலும் பல தமிழ்க் குடும்பங்களை ஈர்த்தது.

மக்கள் கலந்தபடியே உணவும் கலந்தது. யாழ்ப்பாணத்தார் இல்லங்களில் இடியாப்பமும் சொதியும், பிட்டும் மீன்குழம்பும் மணந்தன. தமிழகத்தார் கடைகளில் இட்டிலியும் தோசையும் ஆவி பறந்தன. மலையாளிகள் தேநீர்க் கடைகளில் ஆப்பமும் கடலையும் கிடைத்தன. மனைவி மக்களை ஊரில் விட்டு வந்த தனியாடவர்க்கு 'மெஸ்' என்னும் மாதச் சாப்பாட்டு வீடுகளே இல்லமாயின. மாத முதலில் பணம் கட்டிவிட்டால் மூன்று வேளையும் சோறு உறுதி. அங்கே உண்டவர்கள் ஊர்க்கடிதங்களை ஒருவர்க்கொருவர் படித்துக் காட்டினார்கள். எழுதத் தெரியாதார்க்கு எழுதித் தந்தார்கள்.

உணவகம் படிப்பகமாகவும் விளங்கியது. 1924-இல் தோன்றி 2019 வரை வெளிவந்த 'தமிழ் நேசன்', 1935-இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' ஆகிய நாளேடுகளைக் காசு கொடுத்து வாங்க இயலாதவர்கள் தேநீர்க் கடையிலேதான் அறிந்தார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார், பதின்மர் கேட்பர். ஒரு குவளைத் தேநீரின் விலைக்குத் தேநீரும் கிடைத்தது. உலகச் செய்தியும் கிடைத்தது. கருத்துப் போரும் கிடைத்தது. முதியோர் கல்வி என்று இன்று நாம் திட்டமிட்டு நடத்துவதை அக்கடைகள் திட்டமின்றி நடத்தின.

பிரிக்பீல்ட்ஸ் 2010-ஆம் ஆண்டு அக்டோபர் 27-இல் இந்திய, மலேசியப் பிரதமர்களால் 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்து வைக்கப்பெற்றது. வண்ண வளைவுகள் எழுந்தன. எனினும், அதன் மெய்யான வரலாறு வளைவுகளில் இல்லை, அடுப்படிகளிலேதான் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டுதலில் 1981-இல் தோன்றிய நுண்கலை ஆலயத்தைச் சார்ந்த 'அன்னலட்சுமி' உணவகம், விரும்பியதை உண்டு மனம் உவந்ததைக் கொடுத்துச் செல்க என்னும் நெறியோடு தொடங்கப்பெற்றது. காசு கதவைத் திறந்த காலத்திலிருந்து, காசையே கேளாத கதவு வரை நம்மவர் உணவகம் நடந்து வந்த தொலைவை இது காட்டுகிறது அன்றோ?

கிட்டங்கியும் பள்ளிவாசலும்

நகரின் நடுவே லெபோ அம்பாங் என்னும் வீதி நகரத்தார் வீதியாக விளங்கியது. வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் அங்குக் கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டகம் வைத்து அமர்ந்தனர். மூன்றாண்டுக்கு ஒருமுறை ஊர் திரும்பும் அவர்கள் குடும்பத்தை அழைத்து வாராமையால், கிட்டங்கியிலேயே சமையற்காரரை வைத்து உண்டனர். அவ்வீதியிலும் அதன் சுற்றுப்புறத்திலும் சைவ உணவகங்கள் வேரூன்றியதில் வியப்பில்லை. அண்மையில் தம்புசாமிப் பிள்ளையால் 1873-இல் நிறுவப்பெற்ற மகா மாரியம்மன் கோயில் உள்ளது. விரத நாள்களில் கோயிலுக்கு வந்தோர் சைவ உணவு தேடி அவ்வீதிக்குச் சென்றனர்.

அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் மஸ்ஜிட் இந்தியா வீதி. 1863-இல் அங்குப் பள்ளிவாசல் எழுப்பியவர்கள் தமிழ் முஸ்லிம் வணிகர்கள். இவர்களது உணவு வேறொரு வரலாறு. பினாங்கில் தோள்மீது தண்டு வைத்து இருபுறமும் சோற்றையும் கறியையும் தூக்கிச் சென்று விற்றனர். அதுவே 'நாசி கண்டார்' ஆயிற்று. 'கண்டார்' என்னும் மலாய்ச்சொல் அத்தண்டையே குறிக்கும். நாம் 'மாமா' என்று உறவு கொண்டாடிய சொல்லே 'மாமாக்' என்று மலாய் வழக்கில் நின்றது.

குவளையின் வரலாற்றில் இவர்களுக்கு உயர்ந்த இடம் உண்டு. ஒரே தட்டில் சேர்ந்துண்ணும் மரபுடையவர்கள் ஆதலின், இவர்கள் கடையில் எவர்க்கும் தனிக்குவளை இல்லை. தோட்டத்துத் தொழிலாளியும் நகரத்து எழுத்தரும் மலாய்க் காவலரும் சீன வணிகரும் ஒரே மேசையில் 'தே தாரிக்' அருந்தினர். ஒரு குவளையிலிருந்து மற்றொரு குவளைக்குத் தேநீரை நீள இழுத்து ஆற்றும் அக்கலையைக் கண்டு மகிழ்வோர் பலர். அக்குவளை எவரிடமிருந்து எவரிடம் சென்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கலப்பின் மற்றொரு கனி 'மீ கோரெங்'. சீனரின் மஞ்சள் மீயை எடுத்து, நம் மிளகாய் விழுதைச் சேர்த்து, உருளைக்கிழங்கும் தவ்வும் கலந்து இரும்புச் சட்டியில் வறுத்தனர் நம்மவர். இதனைத் தமிழகத்தில் தேடினால் கிடையாது. சீனாவில் தேடினாலும் கிடையாது. 'ரொட்டி சானாய்' என்னும் பெயர் சென்னையைக் குறிக்கிறது என்பார் ஒரு சாரார்; மாவைப் பிசைந்து வீசுதலைக் குறிக்கும் மலாய்ச்சொல் என்பார் மற்றொரு சாரார். பெயர் எவ்வழி வந்ததாயினும் அதனை வீசும் கை பெரும்பாலும் தமிழ்க்கையாக இருந்தது. கிள்ளானில் ஹொக்கியன் சீனர் வளர்த்த 'பா குட் தே' 2024-இல் தேசிய மரபுணவாக அறிவிக்கப்பெற்றது. தம் உழைப்பாளர் உணவைச் சீனர் எழுதியும் பேசியும் போற்றிக் காத்தனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மரவள்ளிக் காலம்

இவ்வளர்ச்சி இடையில் ஒருமுறை அறுந்தது. 1942 சனவரியில் கோலாலம்பூர் சப்பானியர் வசமாயிற்று. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் பெற்று வந்தமையால், வாணிகம் தடைப்பட்டதும் அடுப்புகள் அணைந்தன. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று, அதுவே மாவாயிற்று, கஞ்சியாயிற்று. தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். அக்காலத்தைக் கண்டவர் பலர் பின்னர் வாழ்நாள் முழுதும் மரவள்ளியைத் தொடவில்லை. வேறு சிலர் அதனைத் தவறாமல் நட்டு வளர்த்தனர். இரண்டும் ஒரே அச்சத்தின் இரு முகங்களே. இலையில் விழுந்த ஒரு பருக்கையைக்கூட வீணாக்க விடாத நம் பாட்டிமாரின் கண்டிப்புக்கு மூலம் இதுவென்று இன்றைய பிள்ளைகட்கு எடுத்துரைத்தல் நம் கடன்.

தோட்டம் நகருக்குள் வந்தது

1950-களின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. துண்டாடப்பட்ட தோட்டங்களின் தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முயன்றது இத்துயர் துடைக்கவே. பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை இன்று அவர் பெயரைத் தாங்குகிறது.

தோட்டத்தை விட்டு மக்கள் நகருக்கு வந்தது ஒருபுறம். நகரமே தோட்டத்துக்கு வந்தது மறுபுறம். 1950-களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது இரப்பர் நிலத்தில். 1978-இல் சிலாங்கூரின் தலைநகரான ஷா ஆலாம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில். பங்சார் என்னும் பெயரே பங்க், கிரிசார் என்னும் இரு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் இணைந்து தோன்றியது என்பர். 1970-களில் சுங்கைவே போன்ற இடங்களில் தொழிற்சாலைகள் திறக்கப்பெற்றன. லயத்தில் பிறந்த இளைஞரும் இளம்பெண்களும் அங்கே வேலைக்குச் சென்றனர். அவர்கட்குப் பகலுணவு தரவே, தோட்டத்துச் சமையல் தெரிந்த குடும்பங்கள் மரநிழலில் ஒட்டுக்கடை விரித்தன. தகரக் கூரை, நான்கு மேசை, கழுவிய வாழையிலை. சோறு, சாம்பார், இரசம், இரண்டு காய், அப்பளம், மோர்மிளகாய். கேட்டால் மீன்குழம்பு, நண்டுப் பிரட்டல், வறுத்த நெத்திலி. கடல் அருகிலுள்ள கிள்ளானில் நண்டும் மீனும் முதன்மை பெற்றன. பெருமாள் கோயில் விளங்கும் அதே கிள்ளானில் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சைவ இலைக்கு மக்கள் காத்து நிற்கின்றனர்.

அவ்வொட்டுக்கடைகளின் வழிவந்த வாழையிலைச் சாப்பாடு இன்று எல்லா இனத்தார்க்கும் உரிய உணவாகிவிட்டது. பங்சாரில் பெயர் பெற்ற ஸ்ரீ நிர்வாணா மாஜூ உணவகத்தில் மொறுமொறுப்பான பாகற்காய் வறுவலுக்காக மலாய்க்காரரும் சீனரும் இடம் கிடைக்கக் காத்திருப்பதைக் காணலாம். பால்மரம் நின்ற மண்ணில், பால்மரம் வெட்டியவர் உண்ட உணவை, செல்வர்கள் வரிசையில் நின்று உண்கிறார்கள். பரிமாறுபவரை அவர்களும் "அண்ணே" என்றே அழைக்கிறார்கள். உண்டு மகிழ்ந்தால் இலையைத் தம்பக்கமாக மடிக்க வேண்டும் என்னும் நம் வழக்கத்தையும் கற்றுக்கொண்டு மடிக்கிறார்கள். இதனினும் பெரிய பண்பாட்டுத் தூது எதுவாக இருத்தல் கூடும்?

எழுதப்படாத ஏடு

பெருமையை மட்டும் பேசி முடித்தல் ஆசிரியனுக்கு அழகன்று. என் குறையையும் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் பயிற்சி பெற்ற நாள்களில் யான் பிரிக்பீல்ட்ஸில் ஓர் எளிய கடையில் மாதக்கணக்கில் உண்டேன். பயிற்சி உதவித்தொகை காலந்தாழ்ந்து வரும் மாதங்களில், கடைக்காரர் கல்லாவுக்கடியிலிருந்த நீண்ட கணக்கு நோட்டில் எங்கள் பெயரைக் குறித்துக்கொள்வார். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எங்களுள் சிலர் ஆசிரியராகவும் சிலர் தலைமையாசிரியராகவும் உயர்ந்தோம். அந்நோட்டில் எங்கள் பெயர்கள் இருந்தன. எங்களிடம் அவர் படம் ஒன்றுகூட இல்லை.

சில ஆண்டுகட்கு முன், வரலாற்றுக் கழக மாணவர்களை அழைத்துக்கொண்டு அக்கடையைத் தேடிச் சென்றேன். அங்கே கைப்பேசிக் கடை இருந்தது. பெயர்ப்பலகை எங்கே போயிற்று என்று எவர்க்கும் தெரியவில்லை. "ஐயா, கடை எந்த ஆண்டில் தொடங்கியது?" என்று ஒரு மாணவி கையில் எழுதுகோலோடு கேட்டாள். நாள்தோறும் மூன்று வேளை உண்ட எனக்கு விடை தெரியவில்லை. வரலாறு கற்பிப்பவனாகிய யானே அவரை ஒருமுறையும் வினவவில்லையே என்று வெட்கினேன்.

இன்று பல கடைகளில் மூத்த தலைமுறை ஓய்ந்துவிட்டது. பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார்கள். அது தந்தையர் விரும்பியதே, அதில் குறைகூற ஒன்றுமில்லை. தோசைக்கல்லின் முன் நிற்பவர் பல இடங்களில் அயல்நாட்டுத் தொழிலாளர். அவரும் நம் முன்னோரைப் போலக் குடும்பத்தை விட்டுக் கடல் கடந்து வந்தவரே என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு காலத்தில் வாசலில் நின்ற நாம், இன்று வாசலில் நிற்பவரை எவ்வாறு நடத்துகிறோம்? நாம் அருந்தும் குவளையில் அவரும் அருந்துகிறாரா? பாட்டனாரின் குவளை நம்மைப் பார்த்துக் கேட்கும் வினா இது.

ஆசிரியப் பெருமக்களே, 'நான் விரும்பும் உணவு' என்று கட்டுரைத் தலைப்புத் தருகிறோம். இனி அதனோடு 'என் தாத்தா உண்ட கடை' என்னும் தலைப்பையும் தருவோம். மாணவச் செல்வங்களே, உங்கள் வட்டாரத்தில் உள்ள பழைய உணவகம் ஒன்றுக்குச் செல்லுங்கள். கடையை எவர் எந்த ஆண்டில் தொடங்கினார், எந்த ஊரிலிருந்து வந்தார், முதன்முதலில் என்ன சமைத்தார், எவரெல்லாம் வந்து உண்டார்கள் என்று பணிவோடு கேளுங்கள். பெயர்ப்பலகையைப் படம் எடுங்கள். பழைய விலைப்பட்டியலோ கணக்கு நோட்டோ இருந்தால் பார்த்துப் படியெடுங்கள். இறுதியாக ஒன்று கேளுங்கள்: "அந்தக் காலத்தில் எல்லாரையும் ஒன்றாகத்தான் உட்கார வைத்தீர்களா?" விடை எதுவாயினும் அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்தாதீர்கள், மறைக்காதீர்கள். நூறு மாணவர் நூறு கடைகளை எழுதினால், எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாறு ஒன்று நமக்குக் கிட்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. நினைவு மனத்தில் இருந்தால் அது நம்மோடு மறையும். ஏட்டில் ஏறினால் நமக்குப் பின்னும் நிற்கும். அடுத்த முறை நீங்கள் கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ செந்தூலிலோ இலையின்முன் அமரும்போது, தோசையின் சுவையை நுகர்வதோடு நில்லாமல், கையிலுள்ள குவளையையும் ஒரு கணம் நோக்குங்கள். அது உங்கள் கைக்கு வந்து சேர எவ்வளவு தொலைவு கடந்திருக்கிறது என்பது விளங்கும்.